பள்ளி இல்லாத நாட்களுக்கு ஒரு கதைக் கிடங்கு: ஸ்டோரிவீவரின் தமிழ்ப் பிரிவு பற்றிய மதிப்பீடு

ஸ்டோரிவீவர் என்பது பெங்களூரில் இயங்கும் பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கற்ற பதிப்பகத்தின் இலவசக் கதைத் தளம். 2004-இல் தொடங்கப்பட்ட இப்பதிப்பகம் பல இந்திய மொழிகளில் குறைந்த விலைக்குச் சிறுவர் நூல்களை அச்சிட்டு வந்தது. 2015 செப்டம்பர் 8 அன்று, உலக எழுத்தறிவு நாளில், கதைகளையும் படங்களையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தோடு இந்தத் தளத்தைத் திறந்தது. இன்று அதில் 300-க்கும் மேற்பட்ட மொழிகளில் கதைகள் இருக்கின்றன. வாசிக்கக் கட்டணம் இல்லை. கதைக்கு நடுவே விளம்பரம் குறுக்கிடுவதில்லை. இந்த மதிப்பீடு அதன் தமிழ்ப் பிரிவைப் பற்றியது மட்டுமே. அதிலும், பள்ளி பூட்டியிருக்கும் நாட்களில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் அதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்ற ஒரு கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி பழையதாகத் தோன்றலாம். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பின் கடைசி வாரங்களில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை, அடுத்த முறை வகுப்பறையில் உட்கார்ந்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தது. 2023 ஜனவரியில் வெளிவந்த, ஊரகப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் 2022-ஆம் ஆண்டின் ஆசர் அறிக்கை, ஊரகத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்பு அளவிலான பத்தி ஒன்றைப் படிக்கக் கூடியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்றது. பெருந்தொற்று போய்விட்டது, மே மாதம் போகவில்லை. ஏப்ரலில் தட்டுத்தடுமாறியாவது ஒரு பக்கத்தைப் படித்து முடித்த பிள்ளை ஜூனில் மீண்டும் எழுத்துக்கூட்டத் தொடங்குவதை இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார். கணக்கு மறந்துபோவதைவிட வாசிப்பு மறந்துபோவது வேகமாக நடக்கிறது என்பது என் எண்ணம்; வீட்டில் கணக்குக்காவது கடைக்குப் போகும் வேலை இருக்கிறது, வாசிப்புக்கு எதுவும் இல்லை.

அந்த மூடிய காலத்தில் அரசு கையில் எடுத்த முதல் கருவி தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. பாடம் கேட்க அது உதவியது. வாசிக்கக் கற்க உதவவில்லை. வாசிப்பில் பிள்ளை தன் கண்ணை ஒரு வரியின் மேல் தானே நகர்த்த வேண்டும், தடுக்கி நிற்க வேண்டும், திரும்பிப் போக வேண்டும். தொலைக்காட்சி யாருக்காகவும் நிற்பதில்லை. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, தெருவுக்குத் தெரு ஒரு தன்னார்வலரை அமர்த்தி மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கூட்டியபோதுதான் வாசிப்புக்கு மீண்டும் ஒரு மனித முகம் கிடைத்தது. அந்தத் தன்னார்வலர்களுக்கும், வாட்ஸ்அப் குழுவை மட்டுமே நம்பியிருந்த ஆசிரியர்களுக்கும் பொதுவாக இருந்த தட்டுப்பாடு ஒன்றுதான்: பாடநூலைத் தவிர பிள்ளையின் கையில் கொடுக்க எதுவும் இல்லை. ஸ்டோரிவீவர் அந்த இடத்தில்தான் பயன்படுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தளத்தின் முகவரியைப் பெற்றோருக்கு அனுப்பி, “இதில் நிறையக் கதைகள் இருக்கின்றன, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்” என்று ஆசிரியர் விட்டுவிட்டால் பயன் மிகக் குறைவு. ஆசிரியரே உள்ளே போய், தேடி, படித்துப் பார்த்து, தன் வகுப்புக்கு ஏற்ற கதைகளைப் பொறுக்கி எடுத்து, கோப்பாகவோ தாளாகவோ பிள்ளைக்குச் சேர்த்தால் தமிழில் இதற்கு இணையான இலவச வசதி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கான தளம் என்று அறிமுகப்படுத்தப்பட்டாலும் நடைமுறையில் இது ஆசிரியருக்கான கிடங்கு.

ஏன் அப்படி என்பதை நம் வீடுகளின் செல்பேசியிலிருந்து தொடங்கிச் சொல்ல வேண்டும். அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டில் இணையம் உள்ள செல்பேசி பெரும்பாலும் ஒன்றுதான். அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு ஏழு மணிக்கு மேல் திரும்பி வருகிறது. அன்றைய தரவில் மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் பிள்ளைக்கு. உலாவியைத் திறந்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, நிலையைத் தேர்ந்து, அட்டைப்படங்களை உருட்டிப் பார்த்து ஒரு கதையைத் திறப்பதற்குள் அம்மா பேசுவதற்குச் செல்பேசியைக் கேட்டுவிடுவார். அதே கதை, ஒரு சிறிய பிடிஎஃப் கோப்பாக ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் வந்து இறங்கியிருந்தால், இணையம் இல்லாமலேயே திறக்கும், நாளைக்கும் இருக்கும், தங்கைக்கும் காட்டலாம்.

தளம் இதற்கு நன்றாகவே இடம் தருகிறது. கதைகளை எடைகுறைந்த பிடிஎஃப், அச்சுக்கு ஏற்ற பிடிஎஃப், மின்னூலுக்கான ஈபப் எனப் பல வடிவங்களில் இறக்கலாம். இறக்குவதற்கு ஆசிரியர் ஒரு கணக்குத் தொடங்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் பணம் இல்லை. உலாவியிலேயே சேமித்துவைத்து இணையம் இல்லாதபோது படிக்கும் வசதியும் உண்டு. அச்சுத்தரக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது வீண்; எடைகுறைந்த கோப்பே ஐந்து அங்குலத் திரைக்குத் தாராளம். ஒரு நாளைக்கு ஒரு கதை என்று அனுப்புவதைவிட, வாரத் தொடக்கத்தில் இரண்டு கதைகளை அனுப்பி, அந்த வாரம் முழுவதும் அவற்றையே திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. புதிய வாசகருக்குப் பத்துக் கதைகளை ஒருமுறை படிப்பதைவிட ஒரு கதையைப் பத்து முறை படிப்பதில்தான் சரளம் வருகிறது.

இனி, இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் தமிழ் ஆசிரியர் அதிகம் யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன்: நிலைகள். கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் நிலை வாசிக்கத் தொடங்க ஆவலாக இருக்கும் பிள்ளைகளுக்கு. இரண்டாம் நிலை, பழகிய சொற்களை அடையாளம் கண்டு, புதியவற்றைத் துணையோடு படிப்பவர்களுக்கு. மூன்றாம் நிலை தாமாகவே படிக்கத் தயாரானவர்களுக்கு. நான்காம் நிலை தடையின்றிப் படிப்பவர்களுக்கு. இந்த நிலைகளுக்குச் சொல் எண்ணிக்கையும் ஓர் அளவுகோல். முதல் நிலைக் கதை சுமார் 250 சொற்களுக்குள், இரண்டாவது 600-க்குள், மூன்றாவது 1,500-க்குள் என்று போகிறது. ஆங்கிலத்துக்கு இந்த அளவு ஓரளவு பொருந்தும். தமிழுக்குப் பொருந்துவதில்லை.

காரணம் எளியது. “ஆமை நடந்தது” என்பதும் இரண்டு சொல். “ஆமை நடந்துகொண்டிருந்தது” என்பதும் இரண்டு சொல். முதல் வாக்கியத்தின் வினையில் ஐந்து எழுத்து. இரண்டாவதன் வினையில் பதினொன்று. அதில் மூன்று ஒற்று, இருபுறமும் குறி வாங்கும் ஒரு கொகரம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இந்த இரண்டாவது சொல்லை எப்படிப் படிக்கும் என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். விரல் “நட” வரை உற்சாகமாகப் போகும். “ந்து”வில் ஒருமுறை நிற்கும். “கொ” வந்ததும் கொம்பை முதலில் படிப்பதா எழுத்தை முதலில் படிப்பதா என்று கண் இடப்பக்கமும் வலப்பக்கமும் போய்வரும். “ண்டி”யைத் தாண்டுவதற்குள் சொல்லின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். பிள்ளை நிமிர்ந்து நம் முகத்தைப் பார்க்கும். சொல்லுக்கு முன்னால் வந்தது ஆமை என்பதே அதற்கு இப்போது நினைவில் இருக்காது. எண்ணிக்கைக் கணக்கில் இந்த வாக்கியம் முதல் நிலைக்குரியது. அந்தப் பிள்ளையைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

தமிழ்ப் பிரிவில் உள்ள கதைகளில் பெரும்பகுதி மொழிபெயர்ப்புகள். ஆங்கிலத்திலோ இந்தியிலோ கன்னடத்திலோ எழுதப்பட்டபோது முடிவான நிலை, பெரும்பாலும் அப்படியே தமிழுக்கும் வந்துவிடுகிறது. எனவே முதல் நிலை என்று குறிக்கப்பட்ட கதைகளிலேயே, முதல் வகுப்புப் பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடியவையும் மூன்றாம் வகுப்பு பிள்ளைக்கே கடினமானவையும் அடுத்தடுத்து நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் துணைவினையைப் பிரித்து எழுதுகிறார், இன்னொருவர் சேர்த்து எழுதுகிறார். இலக்கணப்படி எது சரி என்ற வாதத்தை இங்கே ஒதுக்கிவைப்போம், புதிய வாசகருக்கு இடைவெளி ஒரு மூச்சு விடும் இடம். பிற மாநிலக் கதைமாந்தர்களின் பெயர்களோடு ஜ, ஷ, ஸ, ஹ போன்ற எழுத்துகளும் முதல் பக்கத்திலேயே வந்து இறங்குகின்றன. கதையில் ஆறு முறை வரும் பெயரில் பிள்ளைக்குத் தெரியாத எழுத்து இருந்தால் அந்தக் கதை ஆறு முறை நிற்கும்.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு நம் ஊரிலேயே ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறுசிறு நூல்களைக் கொண்டுவந்தது. தமிழிலேயே யோசித்துப் படிகளை அமைத்ததால், ‘நுழை’ வரிசையின் வாக்கியங்கள் பிள்ளையின் வாயில் இயல்பாக உட்காருகின்றன. ஸ்டோரிவீவரின் தமிழ் முதல் நிலையையும் ‘நுழை’ வரிசையையும் ஒரே பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கும் ஆசிரியருக்கு இந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஆனால் வாசிப்பு இயக்க நூல்கள் அச்சில், பள்ளியில் இருப்பவை. ஆசிரியர் முனைந்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாலொழிய மே மாதத்தில் அவை பூட்டிய அறைக்குள்தான் இருக்கும். எண்ணிக்கையிலும், பட வகைகளிலும், கதைக்களங்களின் விரிவிலும் ஸ்டோரிவீவர் தருவது பல மடங்கு. ஆகவே ஒன்றை விட்டு ஒன்று என்று தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். தளத்தின் நிலைக் குறிப்பை நம்பாமல், பிள்ளைக்குப் பழக்கமான அந்த நான்கு படிகளை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதையையும் ஆசிரியர் தானே எடைபோட வேண்டும் என்பேன். ஒரு கதையின் எல்லாப் பக்கங்களையும் புரட்டி, ஏழு எழுத்துக்கு மேற்பட்ட சொற்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்ப்பது ஒரு எளிய வழி. பக்கத்துக்கு ஒன்றுக்கு மேல் போனால் அது இரண்டாம் வகுப்புக்கு ஆகாது.

ஆகாத கதையையும் ஆகும்படி செய்ய ஆசிரியருக்கு உரிமை இருக்கிறது என்பதுதான் இத்தளத்தின் தனிச்சிறப்பு. ஏனோ ஆசிரியர்களிடையே இதுபற்றிய பேச்சு அதிகம் இல்லை. கதையை மொழிபெயர்க்கலாம், புதிதாக எழுதலாம், ஏற்கெனவே உள்ள கதையை இன்னொரு நிலைக்கு மாற்றியும் எழுதலாம். அதே படங்கள், அதே கதை, ஆனால் “நடந்துகொண்டிருந்தது” இருந்த இடத்தில் “நடந்தது”. பெயரில் ஷகரம் இருந்தால் கதைக்குக் கேடு வராத வேறு பெயர். பத்துப் பக்கக் கதையை இப்படி மாற்றி எழுத ஒரு மாலைப்பொழுது போதும். செல்பேசியைவிடக் கணினியில் செய்வது எளிது. மாற்றி எழுதியது தளத்திலேயே வெளியாகும்போது அடுத்த மாவட்டத்து ஆசிரியருக்கும் கிடைக்கிறது. அச்சிட்ட நூலின் ஒரு சொல்லை மாற்றக்கூட நமக்கு உரிமை இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய சலுகை என்பது புரியும்.

படங்களின் தொகுப்பும் அப்படித்தான். கதைகளிலிருந்து தனியே எடுத்து அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்கள், குறிச்சொல்லைக் கொண்டு தேடும்படி இருக்கின்றன. விடுமுறை வேலையாக “கோடைக்காலம் பற்றி ஒரு பக்கம் எழுதுக” என்று சொல்வதற்குப் பதிலாக, தொடர்பில்லாத நான்கு படங்களை அனுப்பி இவற்றை ஒரே கதையாக்கு என்று சொல்லிப் பார்க்கலாம். எழுத வராத பிள்ளை சொல்லட்டும், குரல்பதிவாக அனுப்பட்டும். அது திரும்பி வரும்போது ஆசிரியர் அதை எழுத்தாக்கி அதே படங்களோடு அனுப்பினால், பிள்ளை முதன்முதலில் தடையில்லாமல் படிக்கும் கதை அது சொன்ன கதையாகவே இருக்கும். தனக்கு ஏற்கெனவே தெரிந்த வாக்கியத்தை எழுத்தில் பார்ப்பதுபோல வாசிப்புக்குத் துணை வேறில்லை.

திறந்த தளம் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்னும்போது, தேர்ந்த பதிப்பாசிரியரின் கை பட்ட கதையும் ஆர்வக்கோளாறில் எழுதி ஏற்றப்பட்டதும் ஒரே தேடலில் வரும். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், ‘அவன்’ என்று தொடங்கி ‘அவர்’ என்று முடியும் வாக்கியம் ஆகியவற்றைக் கடந்துதான் நல்ல கதைக்குப் போக வேண்டும். பெரியவர்கள் பிழையைத் தாண்டிப் படித்துவிடுவார்கள். வாசிக்கக் கற்கும் பிள்ளைக்கு அச்சில் இருப்பதெல்லாம் சரி. பதிப்பாளர் பெயரைக் கொண்டு வடிகட்டும் வசதி தேடலில் இருக்கிறது. முதல் சில வாரங்களுக்கு அதைப் பயன்படுத்தி, பதிப்பகங்கள் நேரடியாக வெளியிட்ட கதைகளோடு நின்றுகொள்வது நல்லது. கை பழகிய பிறகு மற்றவற்றுக்குள் போகலாம். அங்கும் முத்துகள் இருக்கின்றன.

நடை பற்றியும் ஒரு சொல். கதைகளின் தமிழ் பெரும்பாலும் ஊர் அடையாளம் இல்லாத பொதுத் தமிழ். திருநெல்வேலிப் பிள்ளைக்கும் தருமபுரிப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி அந்நியமாகவும் ஒரே மாதிரி எளிமையாகவும் இருக்கும். உரையாடல்களில்கூடப் பேச்சுமொழி அரிதாகவே வருகிறது. வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஆசிரியர், அந்த உரையாடல்களைத் தம் ஊர்ப் பேச்சில் சொல்லிவிட்டு எழுத்தில் உள்ளதைப் படிப்பது நல்லது.

எழுத்தே இல்லாத படக்கதைகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். “டீச்சர், எனக்கே படிக்க வராது, நான் எப்படி இவனுக்குச் சொல்லித் தர்றது?” என்று கேட்கும் அம்மாக்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். தொலைவழிக் கல்வி பற்றிய திட்டங்கள் பலவும் வீட்டில் படித்த ஒருவர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு வகுக்கப்பட்டவை. இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. சொற்களற்ற கதையை இந்த அம்மாவின் செல்பேசிக்கு அனுப்பினால், அவர் பிள்ளைக்கு இணையான வாசகர். ஒரு பக்கத்தில் ஒரு நாய், அடுத்த பக்கத்தில் நாயைக் காணோம், கதவு திறந்திருக்கிறது; என்ன நடந்திருக்கும் என்று இருவரும் பேசலாம். பக்கத்தை இடமிருந்து வலமாகப் பார்ப்பது, காரணத்தைத் தேடுவது, அடுத்து என்ன என்று ஊகிப்பது ஆகிய மூன்றும் எழுத்து வருவதற்கு முன்பே வாசிப்பின் பகுதிகள். முன்பருவ வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளுக்கு விடுமுறையின் முதல் பாதி முழுவதும் இவற்றையே அனுப்பலாம். இவற்றுக்கு மொழிச் சிக்கலே இல்லை என்பதால், தமிழ் வடிகட்டியைக் கழற்றிவிட்டும் தேடலாம். வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அனுப்பலாம். அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பல கதைகள் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் அதே படங்களோடு இருப்பதால், வீட்டில் தாய்மொழியிலும் வகுப்பில் தமிழிலும் ஒரே கதையைப் படிக்கலாம்.

ஒலியோடு கூடிய கதைகளும் தளத்தில் இருக்கின்றன. வாசிக்கும் குரலுக்கு ஏற்ப எழுத்து நிறம் மாறிக்கொண்டே போகும். திரைப்பாடலின் வரிகளை அதே மொழியில் திரையில் ஓடவிட்டு எழுத்தறிவை வளர்க்கும் முயற்சி இந்தியத் தொலைக்காட்சியில் 1990-களிலேயே தொடங்கியது. இது அதன் உறவு. எழுத்துக் கதைகளோடு ஒப்பிட்டால் தமிழில் இவற்றின் எண்ணிக்கை குறைவு. அதனால் ஆசிரியர் தம் குரலிலேயே கதையைப் பதிவுசெய்து கோப்போடு சேர்த்து அனுப்புவதே நல்ல மாற்று. தெரிந்த குரல் என்பதாலேயே பிள்ளை இரண்டாம் முறை கேட்கும்.

பிள்ளை படிப்பதை யாராவது கேட்க வேண்டுமே என்று கேட்பவர்களுக்குக் கூகுள் கொண்டுவந்த ‘ரீட் அலாங்’ நினைவுக்கு வரும். 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமாகி, 2020-இல் பெயர் மாறி வெளிவந்த அந்தச் செயலியில் தியா என்ற பாத்திரம், பிள்ளை உரக்கப் படிப்பதைக் கேட்டு, சரியான சொல்லை நிறம் மாற்றிக் காட்டி, தடுக்கிய சொல்லை உச்சரித்துக் காட்டும். 2022 ஜூன் 1 முதல் 12 வரை, பள்ளி திறப்பதற்கு முந்தைய நாட்களில், இல்லம் தேடிக் கல்வி மையங்கள் இதைக்கொண்டு வாசிப்பு மாரத்தான் ஒன்றை நடத்தின. கோடை விடுமுறையில் வாசிப்பை ஒரு தெருக் கொண்டாட்டமாக்க முடியும் என்று காட்டிய முயற்சி அது; அந்த அளவில் பாராட்டுக்குரியது. ஆனால் செயலி தரும் நட்சத்திரத்துக்காகப் படிக்கும் பிள்ளை வேகத்தைப் பார்க்கிறது, கதையைப் பார்ப்பதில்லை. சொல்லை உச்சரித்தாயா என்று செயலி சரிபார்க்கும். ஆமை ஏன் திரும்பிப் போயிற்று என்று கேட்காது. ஸ்டோரிவீவர் எதையும் சரிபார்ப்பதே இல்லை. பிள்ளை படித்ததா, எத்தனை பக்கம் படித்தது என்று ஆசிரியருக்குத் தகவல் வராது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஏற்கெனவே ஆயிரம் பதிவேடுகளை நிரப்பிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இன்னொரு புள்ளிவிவரப் பலகை இல்லாமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. வாரத்தில் ஒருநாள் பிள்ளைக்குத் தொலைபேசியில் பேசி, அந்தக் கதையில் யாரைப் பிடித்தது என்று கேட்டால் படித்ததா இல்லையா என்பது முதல் பதிலிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் வகுப்புக்கு மேல் போகப்போக இத்தளத்தின் ஈர்ப்பு குறைகிறது. நான்காம் நிலைக் கதைகள் இருந்தாலும், நீண்ட கதையைச் சிறு திரையில் படிக்கும் பொறுமை அந்த வயதுக்கு இல்லை. அவர்களுக்குத் தாளில் உள்ள நூல்தான் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களின் பழைய பிரதிகளை விடுமுறைக்கு முன்பே பிரித்துக் கொடுத்தனுப்பலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்களுக்கு 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் கிளை நூலகம்தான் வழி. ஆக, இத்தளத்தை முன்பருவம் முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் உள்ளவர்களுக்கு, தம்பி தங்கைக்குப் படித்துக் காட்டும் வேலையைக் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்வேன்.

செல்பேசியே இல்லாத வீடுகளுக்கு அச்சிட்டுக் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உரிமம் அச்சிடவும் பகிரவும் அனுமதிக்கிறது. எழுதியவர், படம் வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயர்களைச் சொல்லிவிட வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. அந்தப் பெயர்கள் கோப்பின் கடைசிப் பக்கங்களில் இருக்கின்றன. தாளை மிச்சப்படுத்த அந்தப் பக்கங்களை வெட்டிவிட்டு அனுப்பும் வழக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவலாக உள்ளது, அது கூடாது. ஜெராக்ஸ் கடையில் வண்ண அச்சுக்கு ஆகும் செலவு ஒரு வகுப்புக்குக் கட்டுபடியாகாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால், இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து உள்ள பக்கங்களும் அடர்வண்ணப் படங்களும் வெறும் கறுப்புத் திட்டுகளாகவே வரும். அதனால் கதையைத் தேர்ந்தெடுக்கும்போதே கோட்டுச் சித்திரமும் வெள்ளைப் பின்னணியும் உள்ளவற்றைத் தனியாக ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் இரண்டு பக்கம் வரும்படி அமைத்து, இருபுறமும் எடுத்து, நடுவில் மடித்துத் தைத்தால் பன்னிரண்டு பக்கக் கதைக்கு மூன்று தாள் போதும். விடுமுறை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் தேர்வுத்தாள் வேலையில் யாருக்கும் கை ஒழியாது.